சுவரில் பூசணம்: ஐப்பசி முதல் தை வரை

போன இதழில் மழைக்கால, பனிக்கால ஈரம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: "என்ன அடித்தால் போகும்?" நான் கட்டடப் பொறியாளர். கட்டி முடித்த வீட்டில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் என்ன அடிப்பது என்று சொல்வதற்கு முன்னால், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று நான் உங்களைத் திருப்பிக் கேட்பேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: மேடம், நாங்கள் வேளச்சேரியில் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எங்களுக்கு மேலேயும் ஒரு மாடி உண்டு. படுக்கையறையில் இரண்டு இடத்தில் கறுப்பு கறுப்பாகப் பூசணம். ஒன்று, பீரோவுக்குப் பின்னால் வெளிச்சுவரில். இன்னொன்று, பாத்ரூமை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு. அங்கே பெயின்ட்டும் உப்பி உதிர்கிறது. ஆன்டி ஃபங்கல் பெயின்ட் இரண்டு தடவை அடித்தாகிவிட்டது. கார்த்திகை வந்தால் மறுபடி வந்துவிடுகிறது. வேறு நல்ல பெயின்ட் இருக்கிறதா?
(வேளச்சேரி வாசகி)

பதில்: ஒரே அறையில் இருந்தாலும் இந்த இரண்டுக்கும் காரணம் வேறு வேறு, அம்மா. ஒரு பெயின்ட் இரண்டையும் தீர்க்காததில் ஆச்சரியம் இல்லை.

பூசண வித்து எல்லார் வீட்டுக் காற்றிலும் மிதக்கிறது. அதை ஒழிக்க முடியாது. அதற்கு வேண்டிய சாப்பாடும் வீட்டிலேயே கிடைக்கிறது: சுவரில் படிந்த தூசி, பெயின்ட்டில் உள்ள பசை, மரம், அட்டைப்பெட்டி, புடவையில் போட்ட கஞ்சி. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். சுவர் சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்பதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே போதும், முளைத்துவிடும்.

சுவருக்கு ஈரம் வரும் வழிகள் மூன்று. மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கசியலாம். தரையிலிருந்து ஓதம் ஏறலாம். மூன்றாவது மாடியில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. (உங்கள் ஏரியாவிலேயே தரைத்தளத்துக்காரர்களுக்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற உயரம் வரைக்கும் உப்பு ஏறிப்போன பூச்சை அப்படியே வைத்துக்கொண்டு மேலே மேலே பெயின்ட் அடித்த வீடுகள் நிறைய.) மூன்றாவது வழி, வீட்டுக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. பனிக்கட்டி போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது இதே கணக்குதான்.

எந்த வழி என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை போதும். சமையலறை அலுமினியத் தாளை ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டுங்கள். சுவரைத் துடைத்து மேலாகக் காயவிட்டு, நாலு ஓரமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம். பிரிக்கும்போது சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஒட்டிப் பாருங்கள்.

பீரோவுக்குப் பின்னால் இருப்பது காற்றின் ஈரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வெளிச்சுவர் மழையில் குளிர்ந்து கிடக்கிறது. பீரோவை ஒட்டிப் போட்டதால் ஃபேன் காற்று அங்கே போவதே இல்லை. பீரோவை உள்சுவருக்கு மாற்றுங்கள். இடம் இல்லையென்றால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஆனால் தாளின் உள்பக்கம் நனைந்திருந்தால் வெளியே போய்ப் பார்க்க வேண்டும்: முடி அளவு விரிசல் ஓடுகிறதா, சன்ஷேடு சுவரோடு சேரும் இடம் விட்டிருக்கிறதா, ஜன்னல் அடித்திட்டு வெளிப்பக்கம் வாட்டம் இல்லாமல் உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் அந்த இடத்தில் ஒழுகுகிறதா.

பாத்ரூம் சுவர் விஷயம் வேறு. முழங்கால் உயரம், பெயின்ட் உப்பல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது கசிவுதான். இங்கே டைல்ஸ் இணைப்பா, தரை வடிகாலின் ஓரமா, சுவருக்குள் போன குழாயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த பாத்ரூமை ஒரு வாரம், பத்து நாள் யாரும் பயன்படுத்தாதீர்கள். ஆனால் குழாயில் தண்ணீர் இருக்கட்டும். ஈரம் குறைந்தால் தரையிலும் டைல்ஸிலும்தான் கோளாறு. குறையவே இல்லையென்றால் அந்த பாத்ரூமுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு இன்னொரு பத்து நாள் பாருங்கள். அப்போது குறைந்தால் உள்குழாய். இதைச் செய்யாமல் மொத்த பாத்ரூமையும் உடைக்கச் சொல்கிறவரை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

ஆன்டி ஃபங்கல் பெயின்ட்டில் பூசணத்தைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. சில வருடங்களில் அதன் வீரியம் போய்விடும். ஈரத்தை அது நிறுத்தாது. உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிப்பது இன்னும் மோசம். வெளியே வர வழியில்லாத தண்ணீர் சுவருக்குள்ளேயே ஏறி, பெயின்ட் முடிகிற உயரத்தில் போய் வெளிப்படும். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில்தான் தடுக்க வேண்டும்.

கேள்வி: மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். திறந்தால் வீடே நசநசக்கிறது. மூடினால் பூசண வாடை. எது சரி?
(பெரம்பூர் வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். அதைச் சொல்லாமல் பொதுவாக "ஜன்னலைத் திற" என்று எழுதுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

காற்று சூடாக இருந்தால் நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று கொஞ்சம்தான் தாங்கும். அந்தத் தாங்கும் அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதுதான் ஈரப்பதச் சதவீதம். லண்டனில் குளிர்காலத்தில் வெளியே 5 டிகிரி. அங்கே காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் என்று போட்டிருந்தாலும், ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் சுமார் 6 கிராம்தான். அதை வீட்டுக்குள் விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அங்கே ஜன்னலைத் திறந்தால் வீடு காயும்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டரில் சுமார் 22 கிராம் தண்ணீர். அதை உள்ளே விட்டு நாம் சூடாக்கப் போவதும் இல்லை. ஆகவே மழை பெய்துகொண்டிருக்கும்போது எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு வீட்டைக் காயவைக்க முடியாது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கிற மதிய நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைப் போட்டு, அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள். சாயங்காலம் மூடிவிடுங்கள்.

குளிக்கும்போதும் சமைக்கும்போதும் மட்டும் மழையோ வெயிலோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடவும் ஈரமானது. ஏசி இருந்தால் மழை நாளில் டிரை மோடில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓட்டலாம். ஆனால் 18 டிகிரிக்கு வைத்து அறையை உறையவைக்காதீர்கள். சுவர் சில்லிட்டு, ஏசி நின்றதும் வெளியிலிருந்து வரும் காற்றின் ஈரமெல்லாம் அதில் படியும். பக்கத்து அறையில் சுவரின் மறுபக்கம் பூசணம் வருவதற்கும் இது ஒரு காரணம்.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. ஒன்று வாங்கி படுக்கையறையில் வையுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. சென்னை மழையில் அது 80-ஐத் தொடும். எந்த நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்து அப்போது ஜன்னலைத் திறங்கள்.

கேள்வி: மேடம், நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். குன்னூரில் பழைய ஓட்டு வீடு. மார்கழி, தையில் ஜன்னல் கண்ணாடியில் காலையில் தண்ணீர் வழிகிறது. கம்பளியில், மரக்கட்டில் பின்பக்கத்தில் எல்லாம் பச்சையாகப் பூசணம். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிவிட்டு, சமையலறை கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டுச் சூடு பண்ணுகிறோம். கரி அடுப்பு வைத்தால் ஈரம் காயும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
(குன்னூர் வாசகர்)

பதில்: ஐயா, முதலில் கரி அடுப்பு. தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை கிடையாது, கண் எரியாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கும்மட்டி அடுப்பு திறந்த முற்றத்தோடு நிற்கட்டும். இதை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் அவசியம் சொல்லுங்கள்.

கேஸ் அடுப்பும் வீட்டைக் காயவைக்காது, நனைக்கத்தான் செய்யும். கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ தண்ணீர். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 20 லிட்டருக்கும் மேலான தண்ணீரை ஆவியாக உங்கள் வீட்டுக்குள் விட்டிருக்கிறது. கதவு ஜன்னல் மூடியிருந்தால் அவ்வளவும் கண்ணாடியிலும் கட்டில் பின்னாலும் போய்த்தான் உட்காரும். சாதம் வடிக்கிற ஆவி, வெந்நீர் ஆவி, நம் மூச்சு எல்லாம் இதற்கு மேலே.

குன்னூருக்கு இரண்டு பருவம் உண்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உங்கள் பக்கம் கொட்டும். அப்போது ஓடு உடைந்த இடம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, கூரைத் தண்ணீர் சுவரில் அடிக்கும் இடம் இவைதான் முக்கியம். மார்கழி, தையில் மழை குறைந்து வானம் தெளிந்து பனி இறங்கும். அப்போது வெளிக்காற்று குளிர்ந்தது, ஆகவே வறண்டது. அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் வெயில் வந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை ஒரு கால் மணி நேரம் முழுக்கத் திறந்துவிட்டு மூடினால் போதும். அவ்வளவு நேரத்தில் காற்று மாறிவிடும், சுவரின் சூடு போகாது. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதைவிட இது நல்லது. உங்களைப் போன்ற வயதில் குளிரில் உட்கார்ந்திருக்கவும் வேண்டியதில்லை.

சூட்டுக்கு மின்சார ஹீட்டர் வையுங்கள். இரவு மட்டும் அதிகமாக வைத்து பகலில் அணைப்பதைவிட, இருக்கிற ஒரு அறையைக் குறைந்த சூட்டில் தொடர்ந்து வைத்துக்கொள்வது சுவருக்கு நல்லது. காலையில் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை வெளியே காயப்போடுங்கள். அதை அடுப்படியில் காயப்போட்டால் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். கம்பளிகளை வெயிலில் உதறிக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு மடித்து வையுங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டனில் ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருக்கிறம். இரண்டு அறை, மூன்று பிள்ளைகள். சின்னவனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). அவன் படுக்கிற அறையில் யன்னல் ஓரமும் மேல் மூலையும் கறுத்துப்போய்க் கிடக்குது. முறைப்பாடு செய்தால், குசினியில் நீங்கள் நெடுக அவிக்கிறதாலும் உடுப்புக் காயப்போடுறதாலும்தான் வருது என்று சொல்லிப்போட்டுப் போகினம். எங்கட பிழையா?
(லண்டன் வாசகி)

பதில்: தங்கச்சி, சோறு அவிப்பதும் உடுப்புக் காயப்போடுவதும் குற்றம் இல்லை. ஒரு வீடு அதில் குடியிருப்பவர்கள் சமைப்பதையும் குளிப்பதையும் தாங்க வேண்டும். காற்று வெளியேற ஒழுங்கான ஃபேன் இருக்கிறதா, சுவருக்குக் குளிர் தாங்கும் காப்பு இருக்கிறதா, ஹீட்டிங் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பிள்ளையின் உயிர் விலையாகியிருக்கிறது. ரோச்டேல் நகரில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் இருந்த பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அவனுடைய தகப்பன் 2017-இலிருந்தே முறையிட்டுக்கொண்டிருந்தார். அவர்களையும் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று சொல்லித்தான் ஒதுக்கினார்கள். அதன்பிறகு அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27-இலிருந்து, ஹவுசிங் அசோசியேஷனும் கவுன்சிலும் வாடகைக்கு விடும் சமூக வீடுகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வீடும் அதில் அடங்கும். உயிருக்கு ஆபத்தான அவசரப் பழுதென்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும். உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய ஈரமும் பூசணமும் என்றால் தகவல் கிடைத்து 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பிறகு, என்ன கண்டார்கள் என்று 3 வேலைநாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். ஆபத்து உண்டென்று தெரிந்தால் 5 வேலைநாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்கும் வேலையைச் செய்ய வேண்டும்.

ஆகவே இனி வாயால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். தேதி போட்ட படங்கள் எடுத்து வையுங்கள். ஈரப்பதக் கருவி வாங்கி, காலை மாலை அளவை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைக்குத் தொய்வு இருப்பதை மருத்துவரிடம் கடிதமாக வாங்கி முறைப்பாட்டோடு இணையுங்கள். அசோசியேஷனுடைய முறைப்பாட்டு வழியில் முடிவு வராவிட்டால், இப்படிப்பட்ட முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் வீட்டுவசதி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

அதே நேரம், பிள்ளை இன்று இரவும் அந்த அறையில்தான் படுக்க வேண்டும் என்பதால் நீங்கள் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். முடிந்தால் சின்னவனை வேறு அறைக்கு மாற்றுங்கள். இடியப்பம், சோறு எது அவித்தாலும் பானைக்கு மூடி, குசினிக் கதவு சாத்தல், ஃபேன் ஓடுதல் மூன்றும் சேரட்டும். ஒரு முறை மெஷினில் தோய்க்கிற உடுப்பிலிருந்து சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றுக்குப் போகும். குளியலறையில் போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனை ஓடவிடுங்கள். ஹீட்டர் தகட்டின் மேல் போடாதீர்கள். யன்னலின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னக் காற்றுத் துவாரங்களைக் குளிருக்காக டேப் போட்டு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் வாங்குவதானால், சூடாக்கிய அறைக்கு கம்ப்ரெசர் வகை, சூடில்லாத அறைக்கு ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை. ஆனால் அதற்கான மின்சாரச் செலவை நீங்கள் என்றென்றைக்கும் சுமக்க வேண்டியதில்லை. சுவரைச் சரிசெய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

கேள்வி: சுவரில் வந்திருப்பது கறுப்பாக இருக்கிறது. கொரோனா சமயத்தில் கண்ணை எடுத்த கருப்புப் பூஞ்சை இதுதானா? எனக்குச் சர்க்கரை இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு நானே தேய்க்கலாமா?
(விழுப்புரம் வாசகி)

பதில்: அது வேறு. 2021-இல் வந்த மியூகார்மைகோசிஸ், மண்ணிலும் அழுகும் பொருளிலும் இருக்கும் வேறொரு பூஞ்சைக் குடும்பத்தால் வருவது. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தவர்களை அது தாக்கியது. சுவரில் கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவை. நிறத்தைப் பார்த்து இன்ன வகை என்று சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எந்த நிறமானாலும் எடுத்துவிட வேண்டியதுதான். மூச்சிழுப்பு, ஒவ்வாமை, தீராத இருமல் இருப்பவர்களை எல்லாமே படுத்தும். ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் நீங்கள் தேய்க்க வேண்டாம், வீட்டில் ஆரோக்கியமாக இருக்கும் வேறு ஒருவர் செய்யட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் அந்த அறைக்கே அப்போது வரக் கூடாது.

செய்யும் விதம் இது. அறைக் கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்து, ஃபேனை அணைத்துவிடுங்கள். என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. உலர்ந்த நிலையில் துடைப்பத்தாலோ பிரஷ்ஷாலோ தட்டவே கூடாது. வித்து வீடு முழுக்கப் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணீரால் சுவரை நனைத்துவிடுங்கள், பிறகு துணியால் துடைத்தெடுங்கள், துணியை பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எமல்ஷன் அடித்த சுவருக்கும் டைல்ஸுக்கும் சோப்புத் தண்ணீரே போதும். டிஸ்டெம்பர் சுவரானால் தேய்க்கத் தாங்காது, நனைத்துச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் சுவரை நன்றாகக் காயவைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

பிளீச்சிங் பவுடர் கறையை வெளுக்கும், அதனால் போய்விட்டதுபோலத் தெரியும். ஆனால் பூச்சுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். செத்த பூசணமும் ஒவ்வாமை கொடுக்கும் என்பதால், கொல்வதைவிட எடுத்து வெளியேற்றுவதுதான் முக்கியம். பிளீச்சிங் பவுடரை பாத்ரூம் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். வினிகரோடும் கலக்கக் கூடாது, அம்மோனியா உள்ள கிளீனரோடும் கலக்கக் கூடாது. மேலே மேலே ஊற்றிப் பரிசோதனை செய்யவே வேண்டாம்.

மூன்றடிக்கு மூன்றடி அளவு வரை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள். ஊறிப்போன பிளைவுட், பூசணம் பிடித்த தலையணை, பஞ்சு மெத்தை இவற்றை மனதைக் கல்லாக்கிக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுங்கள். சாம்பிராணி போட்டால் வாடை கொஞ்ச நேரம் தெரியாது, அவ்வளவுதான். மூச்சிழுப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் புகையும் சேர்ந்து கெடுதல் செய்யும்.

கேள்வி: பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அந்துருண்டை போட்டுத்தான் வைத்திருந்தேன்.
(கும்பகோணம் வாசகி)

பதில்: அந்துருண்டை பூச்சிக்கு. பூசணத்தை அது ஒன்றும் செய்யாது. புடவையை வீட்டுக்குள் உதறாதீர்கள். மாடிக்கோ கொல்லைக்கோ எடுத்துப்போய், நிழலில் பிரித்துப் போட்டுக் காயவையுங்கள். காய்ந்த பிறகு மெல்லிய மல் துணியால் ஒரே திசையில் மெதுவாகத் துடையுங்கள். கறை நின்றால் பட்டு தெரிந்த டிரைகிளீனரிடம் கொடுங்கள். ஈரத்துணி வேண்டாம், சரிகைக்கு ஆகாது.

இனி வைக்கும்போது கட்டிய புடவையை அன்றைக்கே மடித்து வைக்காதீர்கள். வியர்வை ஈரம் போக ஒரு இரவு கொடியில் கிடக்கட்டும். பிளாஸ்டிக் கவரை விட்டுவிட்டு, கஞ்சி போடாத பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவைகள் அதே தட்டில் இருக்கக் கூடாது, மழைக்காலத்துக்கு முன்னால் கஞ்சியை அலசிவிட்டு வைப்பது நல்லது. சிலிகா ஜெல் பொட்டலம் போடலாம், அவ்வப்போது மாற்ற வேண்டும். கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் கால்சியம் குளோரைடு இருக்கும், அது தண்ணீராகச் சேரும். புடவைத் தட்டில் வைத்துக் கவிழ்ந்தால் புடவை போயிற்று. கீழ்த்தட்டில் தனியாக வையுங்கள்.

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு. செங்கல், சுண்ணாம்புச் சுவர். ஈரத்தில் அடிச்சுவர் முழுக்கப் பூத்துக் கிடக்கிறது. பொங்கலுக்குள் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிடலாம் என்கிறார் பெயின்டர். செய்யலாமா?
(மயிலாடுதுறை வாசகர்)

பதில்: செய்யாதீர்கள், தம்பி. ஒவ்வொரு மார்கழியிலும் டெல்டாவில் இதே அவசரத்தில் எத்தனையோ நல்ல வீடுகள் கெடுகின்றன. பருவமழை இப்போதுதான் ஓய்கிறது, சுவர் குடித்த தண்ணீர் எல்லாம் உள்ளே இருக்கிறது. சுவர் காய ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. உங்கள் தாத்தா கட்டிய சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. அதன் மேல் பட்டியும் எமல்ஷனும் போட்டு மூடினால், வைகாசிக்குள் உப்பித் தகடு தகடாக வந்துவிடும்.

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். வெள்ளையாகப் பொடியாக உதிர்ந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரைந்து மறைந்தால் அது உப்பு. தரை ஈரம் சுவரில் ஏறி, காயும்போது விட்டுப்போனது. மெத்தென்று இருந்து, தேய்த்தால் இழுபட்டு, வாடை அடித்தால் பூசணம். பழைய வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அந்த வழியை அடைக்காமல் இருந்தால்தான் அது நூறு வருடம் நிற்கும். அடிச்சுவரில் யாராவது சிமென்ட் பூச்சு பூசியிருந்தால், அதுதான் ஈரத்தை மேலே ஏற்றுகிறது. கோடையில் அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சே போடுங்கள். வெளியே சுவர் ஓரமாக மண் மேடேறி உள்தரைக்கு மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள். கிராமத்துத் தெருக்களில் சாலையை உயர்த்தி உயர்த்தி இது பெரும்பாலும் நடந்திருக்கும். உங்கள் மனைக்குள் மட்டுமாவது மண்ணை வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் சுவரை விட்டு ஓடும்படி வாட்டம் கொடுங்கள். தாழ்வாரத்துத் தண்ணீர் சுவரோரம் கொட்டாமல் தகரக் கால்வாய் போட்டு விலக்கிவிடுங்கள்.

பொங்கலுக்கு வீடு வெளுப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்குச் சுண்ணாம்பு அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. சுரண்டி, துடைத்து, வெயில் பட்ட ஒரு நாளில் இரண்டு கை அடித்தால் போதும். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் முளைக்காது, சுவருக்கும் மூச்சு அடைக்காது. நீற்றும்போதும் அடிக்கும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எமல்ஷன் பற்றிப் பெயின்டரிடம் சித்திரையில் பேசிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அந்தச் சுவருக்கு அது எப்போதுமே வேண்டாம்.